சிங்கப்பூர்ப் பெரிய பள்ளி

ஒரு மக்கட் கூட்டத்தார் ஒரு நாட்டில் எத்தனை காலமாக வாழ்ந்து வருகின்றனர் என்பதை நிலைநாட்டுதற்கு மூவகைச் சான்றுகள் உள. அவை எழுத்து, இடப்பெயர், கட்டடம் என்பன. எழுத்துச் சான்று கற்றவர்க்கே பயன்படும். இடப்பெயர் ஆளுவோர் விருப்பம்போல் மாறும். கட்டடமோ கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் ஒப்பத் தன் வரலாற்றைக் கூறிக்கொண்டு தெருவில் நிற்கும். அதனைக் கேட்கும் செவி மட்டுமே நமக்கு வேண்டும்.

சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் ரோடு வழியே செல்வோர், சீனர் கடைவரிசைகளுக்கு நடுவே இரண்டு கோபுரங்கள் அணிவகுத்து நிற்கும் ஒரு வாயிலைக் காண்பர். அஃது எவருடையது, எவர் கட்டியது, எக்காலத்தது எனக் கேட்டால் நம் இளைஞருள் விடை கூற வல்லார் சிலரே. அரசினர் ஏட்டில் அதற்கு ‘மஸ்ஜித் ஜாமியா (சூலியா)’ என்று பெயர். ‘மைதீன் பள்ளி’ என்று வழங்கினாரும் உளர். நம் முன்னோர் இட்டு வழங்கிய எளிய பெயர் ‘பெரிய பள்ளி’ என்பது. அப்பள்ளியின் வரலாற்றையும் அமைப்பையும் நாம் இங்கே ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் பெயரையே நோக்குவோம். ‘பள்ளி’ என்பது பழந்தமிழ்ச் சொல். சமண முனிவர் தங்கிய குகைகளையும் பௌத்தத் துறவிகள் உறைந்த மடங்களையும் நம்மவர் பள்ளி என்றனர். அத்துறவிகள் மாணவர்க்கு எழுத்தறிவித்தமையின் கல்விக்கூடமும் பள்ளி எனப் பெயர் பெற்றது. பின்னர் இஸ்லாம் சமயம் தமிழகக் கடற்கரையில் வேரூன்றியபோது, அரபு மொழியில் ‘மஸ்ஜித்’ எனப்பட்ட தொழுகை இடத்தையும் தமிழர் தம் பழஞ்சொல்லாலேயே பள்ளிவாசல் என்று அழைத்தனர். சமயம் புதிதாயினும் சொல் பழையதே. கடல் கடந்து சிங்கப்பூருக்கு வந்தவரும் அச்சொல்லைக் கைவிடவில்லை.

வந்தவர் யாவர்?

பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், கீழக்கரை, காயற்பட்டினம் ஆகிய துறைமுகங்களின் பெயர்கள் நம்மவர்க்குப் புதியன அல்ல. ஐரோப்பியர் கீழ்த்திசைக் கடலுள் புகுமுன்னரே இத்துறைகளிலிருந்து மரக்காயர் முதலிய தமிழ் முஸ்லிம் வணிகர் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்கும் கெடாவுக்கும் அச்சேக்கும் வந்து சென்றனர். மிளகும் ஈயமும் யானையும் அவர்கள் திரும்பக் கொண்டுபோன சரக்குகளுட் சில. கெடா சுல்தான்களின் அரண்மனையில் அரச வணிகராகவும் அவர்களுட் சிலர் விளங்கினர். மலாய் நாட்டாரும் ஐரோப்பியரும் இவர்களைச் ‘சூலியர்’ என்று அழைத்தனர். சோழ மண்டலக் கரையிலிருந்து வந்தவர் என்னும் பொருளில் இப்பெயர் எழுந்தது என்பர்.

1786-ம் ஆண்டில் பிரான்ஸிஸ் லைட் என்பார் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றியதும் சூலியர் அங்கே குடியேறிக் கடைத்தெருவை ஏற்படுத்தினர். 1819-ம் ஆண்டில் ராபிள்ஸ் சிங்கப்பூரில் ஒரு துறைமுகம் காண முற்பட்டபோது, பினாங்கிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் நேரே தமிழகத்திலிருந்தும் அவர்கள் இவ்வூர் நோக்கி வரலாயினர். 1824-ம் ஆண்டில் எடுக்கப்பெற்ற முதற் குடிக்கணக்கின்படி இத்தீவின் மக்கள் தொகை 10,683. அவர்களுள் இந்தியாவிலிருந்து வந்தவர் 756 பேர். நூற்றுக்கு ஏழு பேரினும் சற்று மிகுதி என்க. இச்சிறு தொகையினர்தாம் இரண்டே ஆண்டுகளில் ஒரு பள்ளிவாசலுக்கு அடிகோலினர் என்பது கருதத்தக்கது.

இவர்கள் செய்த தொழில்கள் யாவை? சிலர் துணியும் மளிகையும் விற்ற வணிகர். சிலர் தெருவோரத்தில் மேசை இட்டு அமர்ந்து பல நாட்டு நாணயங்களை மாற்றித் தந்தவர். மிகப் பலர் படகோட்டிகளும் சுமை தூக்குவோரும் ஆவர். கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, அவற்றினின்றும் சரக்கைப் படகில் இறக்கி ஆற்றின் வழியே கிடங்குகளுக்குக் கொண்டு சேர்க்கும் வேலை, சிங்கப்பூரின் தொடக்க காலத்தில் பெரும்பாலும் சூலியப் படகோட்டிகளின் கையில் இருந்தது. துறைமுகத்தால் வளர்ந்தது இவ்வூர். அத்துறைமுகத்தின் சரக்கை ஏற்றி இறக்கியவை இவர்கள் தோள்கள். பிற்காலத்திலேதான் சீனர்தம் தொங்கான்கள் அவ்விடத்தைப் பிடித்தன.

1822-ல் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் ஒவ்வோர் இனத்தார்க்கும் ஒவ்வொரு பகுதி ஒதுக்கப்பெற்றது. சூலியர்க்கென ஆற்றின் மேற்பாகத்தில் ஒரு கம்பம் குறிக்கப்பட்டது. ஆயினும் வயிற்றுப்பாட்டுக்கு உழைப்போர் வேலை நடக்கும் இடத்தை ஒட்டியே வாழ்வர். ஆகலின் படகுத்துறைக்கும் கடைத்தெருவுக்கும் அண்மையில், இன்று சைனா டவுன் எனப்படும் பகுதியிலும் அதன் கீழ்ப்பால் இருந்த தெலோக் ஆயர் கடற்கரையிலும் அவர்கள் செறிந்து வாழ்ந்தனர். சீனர் குடியிருப்பின் நடுவே தமிழர் கட்டிய பள்ளி ஏன் நிற்கின்றது என்னும் வினாவுக்கு இதுவே விடை.

அத்தாப்பும் செங்கல்லும்

1826-ம் ஆண்டில் அன்சார் சாகிபு என்பவர் தலைமையில் சூலியர் ஒன்றுகூடிப் பெரிய பள்ளியை நிறுவினர். அதனை அடுத்த ஆண்டிலே, 1827-ல், தெலோக் ஆயர் தெருவில் மற்றொரு தொழுகை இடம் எழுந்தது. அஃது ஓலைக் குடிசையாய் இருந்தமையின் ‘குச்சுப் பள்ளி’ என்று பெயர் பெற்றது. இன்று அல் அப்ரார் பள்ளி எனப்படுகின்றது. அதே தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் தர்கா கட்டப்பெற்றது. ஆக, நான்கைந்து ஆண்டுகளுக்குள் மூன்று அறநிலையங்களை அச்சிறு கூட்டத்தார் தோற்றுவித்தனர்.

இம்மூன்றனுள் தர்கா இருந்த நிலத்தைப் பற்றிய செய்தி ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. 1827-ல் காதர் பிள்ளை என்பவர்க்கு அந்நிலம் வழங்கப்பெற்றபோது, அதில் மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டடம் எழுப்பலாகாது என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டது. ஓலைக் கூரைகள் நெருங்கிய ஊரில் ஒரு பொறி விழுந்தால் தெரு முழுதும் சாம்பலாகும் என்று ஆளுவோர் அஞ்சினர் போலும். காரணம் யாதாயினும், அந்நிபந்தனை நம்மவர்க்கு நன்மையாகவே முடிந்தது. அத்தாப்பு வீடு சில மழைக்காலங்களுக்கே தாங்கும். பிழைக்க வந்து, பொருள் சேர்த்து, ஊர் திரும்பக் கருதுவோனுக்கு அது போதும். செங்கல்லும் சுண்ணாம்பும் வாங்குகின்றவனோ தன் மக்களையும் அவர்தம் மக்களையும் எண்ணி வாங்குகின்றான்.

சூலியருட் பெரும்பாலோர் திரும்பிச் செல்லும் எண்ணத்தோடு வந்தவரே. அவர்கள் மனைவி மக்கள் கடலுக்கு அப்பால் இருந்தனர். இரண்டு மூன்று ஆண்டு உழைத்து, கையில் கொஞ்சம் வெள்ளி சேர்ந்ததும் கப்பல் ஏறுவர். அவர் இடத்துக்கு வேறொருவர் வருவர். இவ்வாறு வருவதும் போவதுமாய் இருந்த கூட்டத்தார், 1830-க்கும் 1835-க்கும் இடையே தம் பெரிய பள்ளியைச் செங்கற் கட்டடமாக எடுப்பித்தனர். இன்று நாம் காண்பது பெரும்பாலும் அக்கட்டடமே. குச்சுப் பள்ளியும் 1850-க்கும் 1855-க்கும் இடையே செங்கற் கட்டடமாயிற்று. பெயர் மட்டும் குச்சுப் பள்ளியாகவே நின்றுவிட்டது. ஆள் போனாலும் அறம் நிற்க வேண்டும் என்னும் துணிவு இச்செயலில் விளங்குகின்றது. இந்நாட்டில் தமிழர் வெறும் வழிப்போக்கர் என்று கூறுவார்க்கு நாம் காட்டத்தக்க விடை அச்சுவர்கள்தாம்.

வாயிலின் அழகு

இனிக் கட்டடத்தின் அமைப்பைக் காண்போம். இப்பள்ளியில் கண்ணை முதலிற் கவர்வது வாயில். அதன் இருபுறமும் எண்கோண வடிவில் இரு மனாராக்கள் எழுகின்றன. ஒவ்வொன்றும் ஏழு நிலைகள் உடையது. உச்சியில் வெங்காய வடிவிலே சிறு குமிழ்க் கூடம் அமைந்துள்ளது. நிலைதோறும் ஆழ்ந்த மாடங்கள் குடையப்பட்டுள்ளன. தொழுவோர் திசை அறிய உள்ளே அமைக்கும் ‘மிஹ்ராப்’ என்னும் மாடத்தின் சாயலை அவற்றிற் காணலாம்.

மனாராக்கள் இரண்டுக்கும் நடுவே, வாயிலுக்கு மேல், ஒரு சிற்றரண்மனையின் முகப்பு நிற்கின்றது. அது நான்கு அடுக்காக உயர்ந்து, விரல் நுழையும் அளவே உள்ள சிறு கதவுகளும் சிலுவை வடிவான சிறு பலகணிகளும் நெருங்க அமைந்தது. அக்கதவுகள் வழியே எவரும் புகுவதில்லை; அது குடியிருக்கும் மாளிகையும் அன்று. வாயில் மேல் வைத்த ஓர் அணிகலன் என்றே அதனைக் கூறல் வேண்டும்.

தமிழகத்துக் கோவிலைக் கண்டவர் இதனைக் காணும்போது ஒன்றை நினைவு கூர்வர். நம் நாட்டில் உள்ளே இருக்கும் கருவறையின் விமானத்தினும் வாயிற் கோபுரமே பல இடங்களில் உயர்ந்தும் அணி மிகுந்தும் விளங்கும். அடுக்கடுக்காய் நிலைகள் எழ, ஒவ்வொரு நிலையிலும் சிறு மாளிகை முகப்புகள் வரிசைப்படும். அந்தக் கைப்பழக்கமே இங்கும் வேலை செய்திருக்கின்றது. உருவங்கள் அமைத்தலை இஸ்லாம் விலக்குவதால் சிலைகள் நிற்க வேண்டிய இடங்களில் மாடங்களும் பலகணிகளும் நிற்கின்றன. வழிபாடு வேறுபட்டது, வாயிலை அழகு செய்யும் தமிழ் உள்ளம் வேறுபடவில்லை.

வாயிலைக் கடந்து உள்ளே சென்றால் காட்சி முற்றும் மாறுகின்றது. தொழுகைக் கூடம் எளிமையே உருவானது. இரு வரிசையாகப் பருத்த தூண்கள் கூரையைத் தாங்குகின்றன. தூணின் அடியிலும் தலையிலும் திரண்ட வளையங்கள் சில உள. வேறு சித்திர வேலை இல்லை. இத்தூண்கள் ரோமாபுரியார் முறையில் வந்த தஸ்கன் வகையைச் சேர்ந்தவை. அக்காலத்தே சிங்கப்பூரில் கட்டடக் கலைஞராய் விளங்கிய ஜார்ஜ் கோல்மன் என்னும் ஐரிஷ்காரர் ஆளுநர்க்கும் வணிகர்க்கும் கட்டிய மாளிகைகளில் இத்தகைய தூண்களை வழக்கிற்குக் கொண்டுவந்தார். அவ்வழக்கம் பள்ளியுள்ளும் புகுந்தது. மற்றும் கைபிடிச் சுவர்களில் பச்சை மெருகேற்றிய சீன ஓடுகளைக் காணலாம். இவை அண்டைக் கடைத்தெருவில் கிடைத்த பொருள்கள்.

தமிழகத்து வாயில், ஐரோப்பியத் தூண், சீனத்து ஓடு என்னும் மூன்றும் ஒரு கூரைக்கீழ் வந்திருக்கக் காண்கின்றோம். தூய்மை பேசுவார் இதனைக் கலப்பு என்று இகழக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. ஊரிலிருந்து மனத்திற் கொண்டுவந்த வடிவம் ஒன்று; குடியேறிய நாட்டில் கண்ணாரக் கண்ட முறை ஒன்று; அண்டை வீட்டான் விற்ற பொருள் ஒன்று. மூன்றையும் தம் தேவைக்கு ஏற்ப இணைத்துக் கொண்டார்கள் அக்கொத்தர்கள். ஒரு துறைமுக ஊர் இயங்கும் முறையும் இதுவன்றோ!

கோணல் எனத் தோன்றும் நேர்மை

இப்பள்ளியிற் கூர்ந்து நோக்கற்குரிய மற்றொன்று உளது. வாயில் தெருவுக்கு நேராக நிற்கின்றது. தொழுகைக் கூடமோ தெருவுக்குச் சாய்வாகத் திரும்பியிருக்கின்றது. முதன்முறை காண்போர் இடம் போதாமையால் நேர்ந்த கோணல் என்று எண்ணுவர். உண்மை அதுவன்று. உலகின் எப்பகுதியில் இருப்பினும் முஸ்லிம்கள் மக்காவில் உள்ள கஃபாவை நோக்கித் தொழுதல் கடன். அத்திசைக்குக் ‘கிப்லா’ என்று பெயர். சிங்கப்பூரிலிருந்து நோக்கினால் மக்கா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து வடக்கே சற்றுச் சாய்ந்த திசையில் உளது. தெருவை அளந்து போட்ட நகரத் திட்டக்காரர்க்கோ கிப்லா ஒரு கணக்கன்று.

எனவே கட்டியவர்க்கு இரு கடமைகள் எதிர்ப்பட்டன. வெளியே ஊர் ஒழுங்குக்கு அடங்க வேண்டும். உள்ளே தம் மனச்சான்றுக்கு அடங்க வேண்டும். அவர்கள் வாயிலைத் தெருவுக்குக் கொடுத்தனர். கூடத்தைக் கிப்லாவுக்குக் கொடுத்தனர். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் அந்தச் சாய்வு கரைந்துவிடுகின்றது. பல இனத்தார் வாழும் நாட்டில் ஒரு கூட்டத்தார் பொதுச் சட்டத்துக்கும் தம் கொள்கைக்கும் ஒருசேர உண்மையாய் இருப்பது எங்ஙனம் என்பதற்கு இதனினும் எளிய பாடம் வேண்டா.

பள்ளியின் எல்லைக்குள்ளே முகம்மது சாலிஹ் என்னும் பெரியார் ஒருவரின் அடக்கவிடமும் இருக்கின்றது. பள்ளி தோன்றுமுன்னரே இருந்த அதனை அகற்றாது, அதற்கும் இடம் வைத்தே கட்டடத்தை வகுத்தனர்.

கடற்கரையும் நாகூரும்

பெரிய பள்ளியைப் பற்றிப் பேசும்போது தெலோக் ஆயர் தெருவையும் சேர்த்தே பேச வேண்டும். இன்று அத்தெருவில் நின்று கடலைத் தேடினால் காண முடியாது. வானளாவிய வாணிகக் கட்டடங்களே தெரியும். ஆயின் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் வரையில் அதுவே கரையோரத் தெரு. படகிலிருந்து இறங்கியவர் கால் வைத்த முதல் தரை அது. இறங்கியதும் உயிர் பிழைத்து வந்தமைக்கு நன்றி கூற ஓரிடம் வேண்டுமன்றோ! அதன் பொருட்டே தமிழ் முஸ்லிம்கள் அங்கே நாகூர் தர்காவை அமைத்தனர். புக்கியன் சீனர் அதே தெருவில் கடலோடிகளின் காவற் பெண்தெய்வத்துக்குத் தியான் ஹொக் கெங் கோவிலை 1839 முதல் 1842 வரையிற் கட்டினர். மொழியும் சமயமும் வேறாயினும் அலையைக் கண்ட அச்சம் ஒன்றே.

நாகூரில் அடங்கியுள்ள சாகுல் ஹமீது ஆண்டகை 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். கடலிற் செல்வோர் அவர் பெயரை நினைந்து செல்வது வழக்கம். அங்குள்ள மனாராக்களுள் மிக உயர்ந்தது 131 அடி; அதனைக் கட்டுவித்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங் என்னும் இந்து அரசர். அந்த நாகூரின் நினைவை மனத்திற் கொண்டே சிங்கப்பூர்த் தர்காவும் நான்கு மூலைகளில் அடுக்கு மனாராக்களோடு எழுந்தது. அதன் கீழ்நிலையில் வளைவுகளும் ஐரோப்பிய முறைத் தூண்களும், மேல்நிலையில் துளைகள் இட்ட இஸ்லாமிய வேலைப்பாடும் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்துள்ளன. 2011 முதல் அக்கட்டடம் இந்திய முஸ்லிம்களின் வரலாற்றைக் காட்டும் மரபுடைமை நிலையமாக விளங்கி வருகின்றது.

அண்டை வீடு

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் பெரிய பள்ளிக்குச் சில அடி தூரத்தில் மாரியம்மன் கோவில் உளது. 1819-ல் ராபிள்ஸின் கப்பலில் பினாங்கிலிருந்து வந்து, இவ்வூரில் முதன்முதல் செங்கற் சூளை வைத்த நாராயண பிள்ளை 1827-ல் அக்கோவிலை நிறுவினார். பள்ளி 1826, கோவில் 1827. ஒரே தெரு, ஒரே மொழி பேசும் மக்கள், ஓர் ஆண்டே இடைவெளி. பள்ளியை ஒட்டிய தெருவுக்கு மாஸ்க் ஸ்திரீட் என்றும், கோவிலை ஒட்டிய தெருக்களுக்குப் பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட் என்றும் பெயர்கள் அமைந்தன. ஒன்று பள்ளியால் வந்தது; இரண்டு கோவிலால் வந்தவை. சீனர் மிகுந்து வாழும் பகுதியின் தெருப்பெயர் மூன்று, தமிழர் கட்டிய இரு கட்டடங்களுக்குக் கடன்பட்டுள்ளன.

தமிழகத்தில் ஊர் நடுவே அடுத்தடுத்து வாழ்ந்த பழக்கம் இங்கும் தொடர்ந்தது. இரு நூற்றாண்டுகளாகப் பாங்கொலியும் மணியொலியும் அத்தெருவிற் கலந்து ஒலிக்கின்றன. ஒற்றுமை என்பது மேடையேறிப் பேசும் பொருளாகும் முன்னரே, பக்கத்துப் பக்கத்தில் நிலம் வாங்கிக் கட்டிய எளியோர் அதனை நடைமுறையில் நிலைநாட்டிவிட்டனர்.

காப்பார் யார்?

கட்டுதல் ஒரு வேலை. காத்தல் அதனினும் பெரிய வேலை. இஸ்லாமியச் சட்டத்தில் ‘வக்பு’ என்பது உண்டு. ஒரு சொத்து இறைவன் பெயரால் வக்பாக விடப்பட்டால் அதனை விற்றலும் ஈடு வைத்தலும் வழிவழி உரிமையாகப் பெறுதலும் ஆகா. அதன் வருவாய் குறித்த அறத்துக்கே செல்ல வேண்டும். ஏட்டில் இது மிக உயர்ந்த நெறி. நடப்பில் அந்நெறியைக் காப்பவர் தர்மகர்த்தாக்கள். அவர்கள் ஒழுங்காகக் கணக்கு வைத்தால் அறம் வளரும்; வையாவிடின் வழக்கு வளரும்.

சிங்கப்பூரிலும் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வறநிலையங்களின் மேற்பார்வை நீதிமன்றம் வரை சென்றது. 1893-ல் நாகூர் தர்காவுக்கும், அடுத்த ஆண்டில் பெரிய பள்ளிக்கும் நீதிமன்ற ஆணையால் தர்மகர்த்தாக்கள் ஏற்படுத்தப்பட்டனர். பின்னர் 1905-ல் தொடுகடல் நாடுகளின் அரசினர், முஸ்லிம் இந்து அறநிலையங்கள் பற்றிய சட்டம் ஒன்று இயற்றினர். அதன்படி ஏற்பட்ட பரிபாலன சபையின் கீழ்ப் பெரிய பள்ளி 1917-ல் வந்தது. மாரியம்மன் கோவிலும் அச்சபையின் மேற்பார்வையிலே இருந்தது. ஆகப் பள்ளிக்கும் கோவிலுக்கும் அரை நூற்றாண்டுக் காலம் ஒரே சபை கணக்குப் பார்த்தது என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி. 1968-ல் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் ஏற்பட்டபோது பள்ளி அம்மன்றத்தின் பொறுப்புக்கு மாறியது. 1974-ல் பெரிய பள்ளி, குச்சுப் பள்ளி, நாகூர் தர்கா ஆகிய மூன்றும் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பெற்றன. அன்று முதல் அவற்றை இடிக்கவோ மனம்போல் மாற்றவோ எவர்க்கும் உரிமை இல்லை.

இங்கே தோட்டப்புறத்து அன்பர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டுகின்றோம். மலாயாவின் பால்மரக் காடுகளில் நம்மவர் எழுப்பிய கோவில்களும் சூராவுகளும் எண்ணிறந்தன. அவற்றை எழுப்பியவர் அன்பிலும் உழைப்பிலும் சூலியர்க்கு இம்மியும் குறைந்தவர் அல்லர். கூலியில் வெள்ளி வெள்ளியாகப் பிடித்து வைத்துக் கட்டினர். ஆயினும் அவற்றுட் பல தோட்டத்துக்குரிய நிலத்தில், துரையின் வாய்ச்சொல்லை நம்பி எழுந்தவை. தோட்டம் கைமாறி வீட்டு மனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் ஆனபோது அவ்வாய்ச்சொல் காற்றோடு போயிற்று. கட்டடமும் அதனுடன் போயிற்று. அன்பு ஒன்றே அறத்தைக் காக்கும் என்று இருந்துவிடலாகாது. நிலத்துக்கு எழுத்தில் உரிமை வேண்டும். வருவாய்க்குப் பலரறியக் கணக்கு வேண்டும். பொறுப்பேற்பாரைக் கேள்வி கேட்கும் சட்டம் வேண்டும். சிங்கப்பூர்ப் பெரிய பள்ளி ஏறத்தாழ இருநூறு ஆண்டு நிலைத்தமைக்கு அதன் செங்கல் ஒரு காரணம் எனின், இம்மூன்றும் அதற்கு இணையான காரணங்கள் என்று துணிந்து கூறலாம்.

பள்ளியும் தமிழும்

இப்பள்ளியைக் கட்டிய கூட்டத்தார் தொழுகையோடு நின்றுவிடவில்லை. சிங்கப்பூர்த் தமிழ் இதழியலின் முன்னோடிகளும் அவர்களே. 1887-ல் மகுதூம் சாகிபு என்பார் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ என்னும் வார இதழ், இந்நாட்டுத் தமிழர் வரலாற்றை ஆராய்வார்க்கு இன்றும் பெருஞ்செல்வம். 20-ம் நூற்றாண்டில் கடையநல்லூர், தென்காசி முதலிய ஊர்களிலிருந்து முஸ்லிம்கள் குடும்பம் குடும்பமாக வந்தனர். கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் 1946-ல் நிறுவிய தமிழ்ப் பள்ளிக்கூடம், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைத் தாங்கி, பின்னர் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. 1982-ல் அது மூடப்பட்டது. எனினும் அப்பெயர் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் இன்றும் வாழ்கின்றது. பெரிய பள்ளியில் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு இன்றும் தமிழில் நடைபெறுகின்றது. தொழுகைக்கு அரபு, உள்ளம் தெளிதற்குத் தமிழ்.

முடிவுரை

இப்பள்ளியைக் கட்டிய கொத்தர், சுமை தூக்கியோர், படகோட்டிகள் எவர் பெயரும் சுவரில் இல்லை. அன்சார் சாகிபின் பெயர் ஒன்று எஞ்சியிருக்கின்றது. அவர்பின் நின்ற நூற்றுக்கணக்கானோர் பெயரின்றி மறைந்தனர். ஆனால் அவர்கள் சம்பாதித்த சில்லறைக் காசுகள் ஏழு நிலை மனாராவாக நிற்கின்றன. அரசர் கட்டிய கட்டடத்தில் அரசன் பெயர் இருக்கும். உழைப்பாளர் கட்டிய கட்டடத்தில் அவர் வழிவந்தோரின் நினைவே கல்வெட்டாதல் வேண்டும். அந்நினைவை நாம் இழப்போமாயின் அவர்களை இரண்டாம் முறை புதைத்தவர்கள் ஆவோம்.

ஆகலின் பெற்றோர்க்கு நாம் கூறுவது இது. விடுமுறை நாளில் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அழைத்து வருவீராயின், கடைகளையும் கேளிக்கை இடங்களையும் காட்டுமுன் சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். எச்சமயத்தவராயினும் ஆகுக, பள்ளி வாயிலின் முன் நிறுத்தி அந்தச் சிறு கதவுகளை எண்ணச் சொல்லுங்கள். பின்னர் அங்கிருந்து மாரியம்மன் கோவிலுக்கும், தெலோக் ஆயர் தெருவுக்கும் நடத்திச் செல்லுங்கள். கடல் எங்கே இருந்தது என்று காட்டுங்கள். “நாம் நேற்று வந்தவரா?” என்று நாளை எவரேனும் அப்பிள்ளையைக் கேட்டால், அது நூலைத் தேடி ஓட வேண்டா, 1826 என்னும் ஆண்டைச் சொல்லி, அத்தெருவின் பக்கம் கை நீட்டினால் போதும்.